மூன்றாவது குழியில் இருந்த மருந்து

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். முதலிலேயே மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு தமிழில் நான் எழுதியதெல்லாம் என் பெயர் மட்டும்தான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றைக்கும் குழப்பம். எழுதி முடித்ததும் என் மகளிடம் கொடுப்பேன். எழுத்தைத் திருத்து, சொன்னதைத் திருத்தாதே என்று அவளிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் விடைபெற்ற அன்று, நர்சிங் உதவியாளர் வேலைக்குப் புதிதாக வந்த நீங்கள் எல்லோரும் மாடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தீர்கள். மேட்ரன் அம்மா என்னைப் பார்த்து, "நாலு வார்த்த சொல்லுங்க அண்ணாச்சி. பதினேழு வருசம் இருந்திருக்கீங்க" என்றார்கள். எழுந்து நின்றேன். வணக்கம் என்றேன். அதோடு சரி. உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கை தட்டினீர்கள். வீட்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் அந்தக் கைதட்டல் காதிலேயே இருந்தது. நல்லபடியாக இல்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். நாலு பேர் பார்த்தால் காது சூடாகிவிடும். கூச்சம் என்பது ஒருவனுடைய சொந்த விஷயம், அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் அப்படி இல்லை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது இருபது கட்டில் இருந்த சின்ன ஆஸ்பத்திரி. ஸ்ட்ரெச்சர் தள்ள, தரை கழுவ, சீட்டுக் கொடுத்து மருந்து வாங்கி வர என்று என்னை எடுத்தார்கள். ஒரு வருடத்தில் காயம் கழுவிக் கட்டுப் போடக் கற்றுக்கொண்டேன். அதற்கடுத்த வருடம் டாக்டர் என் கையில் சிரிஞ்சைக் கொடுத்தார். என் கை நடுங்காது. வாய்தான் நடுங்கும். வற்றிப்போன கிழவிகளின் கையில்கூட நரம்பு பிடித்துவிடுவேன். "அந்த மெலிஞ்ச ஆளக் கூப்புடுங்க, அவரு போட்டா வலிக்காது" என்று ஜனங்கள் கேட்டு வர ஆரம்பித்தார்கள். பேருந்து நிலையத்தில் பார்த்தால் "டாக்டரய்யா" என்று கும்பிட்டவர்களும் உண்டு. நான் மறுத்துச் சொன்னதில்லை. மறுத்துச் சொல்லவும் பேச வேண்டுமே.

படிப்பு என்ன என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகள் பலவற்றிலும் இப்படித்தான் ஒரு ஆள் இருப்பார். நர்ஸ் வேலை, கம்பவுண்டர் வேலை, தூக்கிப் போகிற வேலை எல்லாம் அவரே. பெயர் மட்டும் வார்டு பாய்.

எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆம்பியூல் என்கிற சின்ன மருந்துக் குப்பிகளில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ்தான்.

நீங்கள் நினைக்கலாம், பிறகு எப்படி இத்தனை வருடம் ஊசி போட்டான் என்று. இடத்தை வைத்துப் போட்டேன். ஏதோ பெட்டிக்குள் வந்த தெர்மோகோல் அட்டையை எடுத்து, சின்ன எவர்சில்வர் டம்ளரைச் சூடாக்கி வரிசையாகக் குழி போட்டேன். ஒவ்வொரு குழியிலும் ஒரே மருந்து நாலைந்து குப்பியாக நிற்கும். மெடிக்கல் கடையிலிருந்து மருந்து வந்ததும், எது என்னவென்று கடைக்காரரை வாயால் சொல்லச் சொல்லி, சொன்ன வரிசையில் உடனே குழியில் நட்டுவிடுவேன். இரண்டாவது வரிசையில் இடப்பக்கமிருந்து மூன்றாவது குழி அட்ரோபின், பூச்சி மருந்து விஷத்தை முறிப்பது. தலைக்கு மேலே விட்டம் விழுந்தாலும் என் கை அந்தக் குழிக்குப் போகும். அந்த அட்டையை வேறு யாரும் தொட விடமாட்டேன். "மாடசாமி மாதிரி சுத்தமா வைக்கணும்" என்று டாக்டர் மற்றவர்களிடம் சொல்லுவார். அது சுத்தம் இல்லை, பயம். அவருக்கு அது தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் எல்லாம் மாறத் தொடங்கியது. ஆஸ்பத்திரி மாடி கட்டிப் பெரிதானது. ஆபரேஷன் தியேட்டர் வந்தது. படித்துப் பட்டயம் வாங்கிய நர்ஸ்தான் மருந்து கொடுக்க வேண்டும், கொடுத்ததை எழுத வேண்டும் என்று பேச்சு வந்தது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு சிஸ்டர் வந்தார். வயது இருபத்திரண்டு, இருபத்துமூன்று இருக்கும். எனக்கு அப்போது நாற்பது. பெயரை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். அவரிடம் கேட்காமல் எழுதுவது சரியில்லை.

வந்த முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. கெட்டவர் என்பதால் இல்லை. எல்லாவற்றையும் எழுதச் சொல்லுவார். "என்ன மருந்து, எவ்வளவு, எத்தன மணிக்கு, யாரு போட்டது. இந்த நாலயும் எழுதாட்டா அது நடக்கவே இல்லன்னு அர்த்தம் அண்ணாச்சி" என்பார். நான் வாயால் சொல்லுவேன், அவர் எழுதிக்கொள்வார். "எனக்குக் கண்ணு சரியில்ல சிஸ்டர்" என்று சொல்லி வைத்திருந்தேன். நல்ல கண். தூரத்துக் காட்டு மூலையில் போகிற ஆட்டை எண்ணிச் சொல்லுகிற கண்.

ஒரு தை மாதம். மூன்று நாள் லீவில் ஊருக்குப் போய்விட்டு வேலைக்குத் திரும்பினேன். காலையில் உள்ளே நுழைந்ததும் சிஸ்டர் சொன்னார்: "அண்ணாச்சி, மருந்து அட்டைய எழுத்து வரிசப்படி புதுசா அடுக்கியிருக்கேன். தியேட்டர்ல மிச்சம் இருந்ததையும் சேத்து வச்சிருக்கேன். ஒருக்கா பாத்துக்கோங்க."

பார்த்தேன். ஒவ்வொரு குழிக்குக் கீழேயும் ப்ளாஸ்திரி ஒட்டி அழகாக இங்கிலீஷில் எழுதியிருந்தார்.

"சரி சிஸ்டர்" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தைதான் நான் செய்த தப்பு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. எது எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள் என ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை. கேட்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஆள் இல்லாதபோது, ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு குப்பியை எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் போய் மெல்ல விசாரித்துப் பழைய மாதிரி மாற்றி வைத்துவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். அந்த அட்டை இருந்த பக்கம் போகாமல் கட்டுப் போடுகிற வேலையாகத் தேடித் தேடிச் செய்தேன்.

பதினொரு மணி வாக்கில் ஒரு டிராக்டர் வந்து வாசலில் நின்றது. ஓட்டப்பிடாரத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்திருந்தார்கள். பருத்திக்கு மருந்தடித்தவர், பெயர் சண்முகையா, முப்பத்தைந்து வயதிருக்கும். தூக்கி இறக்கும்போதே வாயிலும் மூக்கிலும் ஒழுகிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் வேர்வை. கரிசல் மண் முழங்கால் வரை அப்பிப் பிளந்து காய்ந்திருந்தது. சட்டையில் மருந்து வாடை குப்பென்று அடித்தது. கூடவே அவர் மனைவி பேச்சியம்மாள்.

"காத்துக்கு எதுத்து நின்னு அடிச்சாவ சார். சொல்லச் சொல்லக் கேக்கல. முதுகுல டப்பா ஒழுகிச் சட்ட பூரா நனஞ்சிட்டு. வேற ஒண்ணுமில்ல சார், அவிய குடிக்கல்லாம் இல்ல" என்று அந்த அம்மா ஒரே மூச்சில் சொன்னாள். மருந்து என்றால் முதலில் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

சட்டையை வெட்டி எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவினோம். டாக்டர் கை நீட்ட, சிஸ்டர் அட்ரோபின் எடுத்துக் கொடுத்தார். டாக்டரே போட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தடவை. ஒழுகியது குறைந்தது. சண்முகையா கண்ணைத் திறந்து "தண்ணி" என்றார். வாய் காய்ந்தால் மருந்து பிடிக்கிறது என்று அர்த்தம். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அதே நேரத்தில் தியேட்டரில் ஒரு பிரசவ ஆபரேஷன் தயாராகக் காத்திருந்தது. தள்ளிப் போட முடியாதது. டாக்டர் போகிற போக்கில் என் தோளைத் தட்டினார். "மாடசாமி, பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ரெண்டு ஆம்பியூல். வாய் காயணும், கண்ணுமணி விரியணும். பாத்துக்கோ." சிஸ்டரும் அவரோடு உள்ளே போய்விட்டார். தியேட்டர் கதவு மூடியது.

சுவர்க் கடிகாரம் பதினொன்று முப்பத்தைந்து. பத்து நிமிடம் ஆனதும் என் கை போனது. இரண்டாவது வரிசை, இடப்பக்கமிருந்து மூன்றாவது குழி. சின்னக் கண்ணாடிக் குப்பி, தண்ணீர் மாதிரி மருந்து. அட்ரோபினும் அப்படித்தான் இருக்கும். டக் டக் என்று இரண்டை உடைத்து, சிரிஞ்சில் இழுத்து, டிரிப்ஸ் குழாய் வழியாக ஏற்றினேன். காலையில் அட்டையை மாற்றிவிட்டார்கள் என்பது என் தலைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. இதை யாரும் நம்பமாட்டார்கள். அவசரம் வரும்போது கைதான் முன்னால் போகும், தலை பின்னால் வரும். நீங்களும் பார்ப்பீர்கள்.

நாலைந்து நிமிடம் ஆயிற்று.

"ஏன்யா, இப்பத்தான பேசுனாவ? திரும்பவும் வாயில ஊத்துதே" என்றாள் பேச்சியம்மாள்.

பார்த்தேன். ஒழுகியது. முன்னைவிட அதிகமாக. நெஞ்சில் கரகரவென்று சத்தம். வயிற்றை முறுக்கிக் காலை இழுத்துக்கொண்டார். விஷம் ஏறுகிறது, மருந்து போதவில்லை, இன்னும் போட வேண்டும் என்று மனது சொன்னது. மனது எப்போதும் நமக்குச் சௌகரியமான பதிலைத்தான் முதலில் சொல்லும். இன்னும் இரண்டு குப்பியை உடைத்தேன். குழாயில் ஊசியைக் குத்தி அழுத்த ஆரம்பித்தேன்.

அழுத்தும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் போட்டபோது காய்ந்தது, நான் போட்டபோது ஒழுகுகிறது. ஆள் அதே ஆள். அப்படியானால் மருந்து வேறு. காலையில் பார்த்த ப்ளாஸ்திரிகள் கண் முன்னால் வந்தன. தெரிந்த பிறகும் என் கட்டை விரல் நிற்கவில்லை. நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். அந்த யோசனை ஓடிய நேரத்தில் பாதி மருந்து உள்ளே போய்விட்டது. ஒன்றிரண்டு நொடிதான் இருக்கும். இத்தனை வருடமாக நான் அந்த நொடியில்தான் நிற்கிறேன்.

ஊசியை உருவினேன். உடைந்த குப்பிகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பூச்சி ஊர்ந்த மாதிரி நீல எழுத்து. கண்ணுமணியைப் பார்த்தேன், கடுகு அளவு.

"என்னய்யா பாக்கீங்க? சொல்லுங்க. நீங்க டாக்டருதான?" என்று பேச்சியம்மாள் என் கையைப் பிடித்தாள்.

"இல்லம்மா. நான் ஊசி போடுதவன். இவர ஒருக்களிச்சுப் போட்டுப் பிடிச்சுக்கோங்க, எச்சி வெளிய வரட்டும். மல்லாக்க விட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். என் வாயிலிருந்து அவ்வளவு பெரிய பேச்சு வந்தது அன்றுதான்.

உள்ளே ஆபரேஷன் நடக்கும்போது தியேட்டர் கதவை நான் தட்டியதே இல்லை. வராந்தாவில் பிரசவத்துக்கு வந்தவர்கள், சீட்டு வாங்க நின்றவர்கள், டிராக்டரில் வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடைந்த குப்பியைப் பொத்திப் பிடித்திருந்த உள்ளங்கையில் கண்ணாடித் துண்டு குத்தி ரத்தம் வந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. அடுத்த கையால் கதவைத் தட்டினேன்.

சிஸ்டர் கொஞ்சம் திறந்தார். வாயில் துணி, கண் மட்டும் தெரிந்தது. "என்ன அண்ணாச்சி?"

"இதுல என்ன எழுதியிருக்கு சிஸ்டர்?"

"எதுல?"

"இதுல. என்ன மருந்துன்னு வாசிச்சுச் சொல்லுங்க. எனக்கு வாசிக்கத் தெரியாது."

அவர் குனிந்து என் கையைப் பார்த்தார். கண் விரிந்தது. ஆனால் கத்தவில்லை.

"எத்தன போட்டீங்க?"

"ரெண்டு. அப்புறம் ரெண்டுல பாதி."

"எப்ப?"

"பதினொண்ணே முக்காலுக்கு மொதல்ல. பாதி இப்பத்தான்."

திரும்பி டாக்டரிடம் மருந்து, அளவு, நேரம் மூன்றையும் அப்படியே சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. உள்ளே டாக்டரின் கை ஆபரேஷனில் இருந்தது. வர முடியாது. "நீ போ. அட்ரோபின் நாலு குடு. விடாமக் குடு" என்று சத்தம் வந்தது.

நான் போட்டது நியோஸ்டிக்மின். மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷன் முடிந்ததும் பயன்படுத்துவது. பூச்சி மருந்து உடம்பில் என்ன செய்கிறதோ அதையே இதுவும் செய்யும். தண்ணீரில் மூழ்குகிறவன் தலையில் நான் கை வைத்து அமுக்கியிருக்கிறேன். இது பிறகு சிஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது தெரிந்திருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன்.

சிஸ்டர் ஒவ்வொரு குப்பியையும் எடுத்து, பெயரைச் சத்தமாக வாசித்து, பிறகு உடைத்தார். நான் சண்முகையாவின் முகத்தைச் சாய்த்துப் பிடித்துக் குழாய் விட்டு எச்சிலை உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருந்தேன். உதடு நீலமாக இருந்தது. பேச்சியம்மாள் அழவில்லை. புருஷனின் காலைப் பிடித்துக்கொண்டு, "ஏய், இங்கன பாருங்க, இங்கன பாருங்க" என்று திட்டுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். தியேட்டரிலிருந்து பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. எங்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பன்னிரண்டரைக்கு நெஞ்சுச் சத்தம் அடங்கத் தொடங்கியது. ஒரு மணிக்கு வாய் காய்ந்தது. நான் என் சட்டைக் கையால் அவர் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. அதற்கப்புறமும் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த ஐந்து நாளும் நான் வீட்டில் சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்ததும் நேரே சிஸ்டரிடம்தான் போனார். "யாரு ஒன்னைய அட்டைய மாத்தச் சொன்னா? எத்தன வருசமா வச்ச எடத்துல இருந்தா இது நடந்திருக்குமா?"

"நான்தான் மாத்துனேன் சார்" என்றார் சிஸ்டர்.

"படிச்சுட்டு வந்துட்டா எல்லாம் தெரிஞ்சிரும்னு நெனப்பு."

நான் பக்கத்தில்தான் நின்றேன், கையில் கட்டோடு. எனக்கு வாசிக்கத் தெரியாது என்று கதவருகே சிஸ்டரிடம் நான் சொன்னது டாக்டர் காதில் விழவில்லை. அப்போது நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. தியேட்டர் கதவில் எனக்கு இருந்த தைரியம் முழுவதும் செலவாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், ஆள் பிழைத்துக்கொண்டது தெரிந்ததும் கூச்சம் திரும்பி வந்துவிட்டது.

மறுநாள் கட்டுப் போடும் அறையில் சிஸ்டர் என்னிடம் கேட்டார். "கண்ணு சரியில்லன்னு சொன்னது பொய்தான அண்ணாச்சி?"

"தமிழ் வாசிப்பேன் சிஸ்டர்."

"ஆம்பியூல்ல தமிழ் இல்லையே."

"டாக்டர்ட்ட நீங்க ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"அவரு கேட்டா சொல்லுவேன். கேக்கல. நீங்க சொல்லுதீங்களான்னு பாத்தேன்." கொஞ்ச நேரம் கத்தரிக்கோல்களை அடுக்கினார். "எம்மேலயும் தப்பு இருக்கு. ஒங்கள நிக்க வச்சு ஒவ்வொண்ணா காட்டியிருக்கணும். பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். இனிமே ஒண்ணு, நீங்க ஒடைக்கதுக்கு முன்னால எங்கிட்டக் காட்டணும். இல்லைன்னா அட்டப் பக்கமே வரக் கூடாது."

பிறகு நோயாளியின் கேஸ் ஷீட்டை என் முன்னால் வைத்தார். நடந்ததை ஒளிக்காமல் எழுதியிருந்தார். மருந்தின் பெயர், அளவு, நேரம் எல்லாம் இருந்தது. யார் கொடுத்தது என்ற கட்டம் மட்டும் காலி.

"அத நான் எழுத முடியாது. நீங்கதான் எழுதணும். பேரு தமிழ்லயே எழுதுங்க."

பேனாவை எடுத்தேன். வெளியே யாரோ கூப்பிட்டார்கள். இதோ வந்துவிடுகிறேன் என்று போனேன். திரும்பி வரவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பேனோ என்னவோ.

ஒன்றரை வருடம் அவர் அங்கே இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் காலிக் குப்பிகளை வைத்து எனக்கு இங்கிலீஷ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். என் மகள் அப்போது ஆறாவது படித்தாள், அவளுடைய காப்பி நோட்டில் எழுதிப் பழகினேன். எழுபது எண்பது மருந்துப் பெயர் வாசிக்க வந்தது. கல்யாணமாகி அவர் வெளிநாடு போய்விட்டார். அடுத்தடுத்து படித்த நர்சுகள் வந்தார்கள். ஊசி போடும் வேலை என்னிடமிருந்து எடுக்கப்பட்டபோது, என்னை மாதிரி இருந்த இன்னொருவர் சண்டை போட்டுவிட்டு வேலையை விட்டே போனார். எனக்குச் சண்டை வரவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், அன்று வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

இப்போது உங்களுக்குச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். உதவியாளர் இதைச் செய்யலாம், இதைச் செய்யக் கூடாது என்று. படுக்கையைத் திருப்பிப் போடு, குளிப்பாட்டு, ஊட்டிவிடு, மூச்சை எண்ணு, ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் சொல்லு. ஊசி இல்லையே, நம் வேலை சின்னதாகிவிட்டதே என்று உங்களில் ஒரு தம்பி வருத்தப்பட்டதைக் கேட்டேன். கடைசியில் இருக்கும் 'சொல்லு' என்பதை மறுபடி படியுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

அதை நான் பழகியது ஒரு கேலிக்கூத்தில். சில வருடம் கழித்து, சர்க்கரைக்காகச் சேர்த்திருந்த ஒரு பெரியவர் வேர்த்து விறுவிறுத்து, வாயில் கொழகொழவென்று ஒழுக உட்கார்ந்திருந்தார். கேட்டதற்குப் பதில் இல்லை. எனக்குத் தை மாதம் ஞாபகம் வந்துவிட்டது. "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று மாடி அதிரக் கத்தினேன். மூன்று பேர் ஓடி வந்தார்கள். வாயைத் திறக்க வைத்துப் பார்த்தால் கடலைமிட்டாய். பல் இல்லாததால் முழுங்கவும் முடியாமல், பிடிபட்டுவிடுவோம் என்று துப்பவும் முடியாமல், வேர்த்துக்கொண்டிருந்தார் மனிதர். தலையணைக்கு அடியில் இன்னும் ஒரு பாக்கெட். ஒரு வாரம் என்னை "மிட்டாய் கேஸ் அண்ணாச்சி" என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்குக் காது சூடாகவில்லை. பொய்யாகப் போன கூச்சல் எவ்வளவு நல்ல விஷயம் என்று எனக்குத் தெரியும்.

ஒன்று பாக்கி இருந்தது.

சண்முகையா வீட்டுக்குப் போன அன்று பேச்சியம்மாள் ஒரு பை நிறைய மிளகாய் வற்றல் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். "நீங்க ஓடுன ஓட்டந்தான் அவியளக் காப்பாத்துச்சு அண்ணாச்சி" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். அந்த வற்றலை வீட்டில் சமைத்தார்கள். நான் அதைத் தொடவில்லை.

விடைபெற்று வந்து, உங்கள் கைதட்டல் காதில் இருந்த மூன்றாம் நாள், பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன். விசாரித்துப் போனால் இரண்டு பேரும் காட்டில் நின்றார்கள். பருத்தி இல்லை, இப்போது உளுந்து போட்டிருக்கிறார்கள். அவர் தலை நரைத்திருந்தது. என்னை அந்த அம்மாதான் முதலில் அடையாளம் கண்டாள். "ஏ, நம்ம ஆஸ்பத்திரி அண்ணாச்சி!" என்றாள்.

உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். நின்றபடியே, வரப்பைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, குழி, எனக்கு வாசிக்கத் தெரியாதது, தெரியாமல் போட்ட இரண்டு குப்பி, பிறகு தெரிந்தும் போட்ட பாதி.

சண்முகையா சிரித்தார். "போங்க அண்ணாச்சி. நாந்தான் கல்லுமாரி இருக்கேம்லா. இதுக்காவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. களைக்கொத்தைக் கீழே போட்டாள். "இத்தன வருசமா அந்த ஊசியாலதான் பொழச்சோம்னு ஊரு பூராச் சொல்லிட்டுத் திரியுதேன்" என்றாள். பிறகு கேட்டாள். "மொத ரெண்டு தெரியாமப் போட்டீங்க. சரி. அந்தப் பாதி எதுக்கு அண்ணாச்சி? தெரிஞ்ச பெறகும்?"

யாராவது என்றைக்காவது கேட்டுவிடுவார்களோ என்று நான் பயந்திருந்தது இந்த ஒரு கேள்வியைத்தான்.

"கேக்க வெக்கமா இருந்துச்சும்மா."

"வெக்கமா" என்றாள். அவ்வளவுதான். அவர் "ஏட்டி, விடு" என்றார். அவள் விடவில்லை. "இதுக்குமேல எங்ககிட்டச் சொல்லி என்ன செய்ய? அங்கன புதுசா வாராவள்லா, அவியகிட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் களைக்கொத்தை எடுத்துக் குனிந்தாள். காப்பி குடிச்சிட்டுப் போங்க என்று அவர்தான் சொன்னார். அவள் சொல்லவில்லை.

அந்தக் கேஸ் ஷீட் இப்போது இல்லை. பழைய கட்டிடத்தை இடித்தபோது கறையான் அரித்ததெல்லாம் போய்விட்டது. அதனால் காலியாக இருந்த கட்டத்தை இங்கே எழுதுகிறேன். சிஸ்டர் சொல்லிக் கொடுத்த நாலும் இதில் இருக்கிறது.

மருந்து: நியோஸ்டிக்மின், தவறாக.

அளவு: இரண்டு ஆம்பியூல், தெரியாமல். பிறகு இரண்டில் பாதி, தெரிந்து.

நேரம்: காலை பதினொன்றே முக்கால், அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் கழித்து. நடந்த தேதி நினைவில்லை, அன்றே எழுதாததால்.

கொடுத்தவர்: மாடசாமி, வார்டு பாய்.

எழுதிய தேதி: 23.1.2009.